டீட் மூலக்கூறில் என்னென்ன பிணைப்புகள்? அதன் நைட்ரஜன் ஏன் அமீன்போல நடந்துகொள்வதில்லை?

கேள்வி: கொசுவிரட்டியில் இருக்கும் டீட் மூலக்கூறில் உள்ளவை சகப்பிணைப்புகள் மட்டும்தானா, அயனிப் பிணைப்பும் உண்டா? டீட் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளுமா? நைட்ரஜனுக்கு மூன்று ஒற்றைப் பிணைப்பும் ஒரு தனித்த இரட்டை எலக்ட்ரானும் இருப்பதால் அதன் இனக்கலப்பை எஸ்பி3 என்று எழுதலாமா?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறுக்குள் இருப்பவை அத்தனையும் சகப்பிணைப்புகள். அயனிப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. டீட் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்வதில்லை. ஆனால் நீரோ ஆல்கஹாலோ அருகில் வந்தால் அவற்றின் ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்ளும். நைட்ரஜனை எஸ்பி3 (நான்கு திசையில் விரியும் அமைப்பு) என்று எழுதினால் தவறு, அது எஸ்பி2 (ஒரே தளத்தில் மூன்று திசையில் விரிவது). மூன்றிலும் இந்தக் கடைசி விடைதான் மிக முக்கியம். தோலில் ஏன் மணிக்கணக்கில் தங்குகிறது, அமிலத்தில் ஏன் கரைந்து போவதில்லை, மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை ஏன் கெடுக்கிறது என்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒரு அமைடு இணைப்பில்தான், அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு கொண்ட கார்பனும் நைட்ரஜனும் சேரும் இடத்தில்தான், போய் முடிகின்றன.

டீட்டின் முறையான பெயர் என்,என்-டைஎத்தில்-3-மெத்தில்பென்சமைடு. 12 கார்பன், 17 ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். மூலக்கூறு எடை 191.27. அமெரிக்க வேளாண்மைத் துறை தன் நாட்டு ராணுவத்துக்காக உருவாக்கிய பொருள் இது. 1946-ல் படையினருக்கும் 1957-ல் பொதுமக்களுக்கும் பயன்பாட்டுக்கு வந்தது.

வரையும்போது வளையத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு பென்சீன் வளையம். அதன் முதல் கார்பனில் ஒரு கார்பனைல் தொகுதி, அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு கொண்ட கார்பன். அந்தக் கார்பனைல் கார்பனோடு நைட்ரஜன். நைட்ரஜனில் இரண்டு எத்தில் தொகுதிகள். கடைசியாக, வளையத்தின் மூன்றாம் கார்பனில், அதாவது மெட்டா இடத்தில், ஒரு மெத்தில். பரவலாக நடக்கும் பிழைகள் இரண்டு: நைட்ரஜனில் பழக்க தோஷத்தில் ஒரு ஹைட்ரஜனைப் போட்டுவிடுவது, மெத்திலை நேர் எதிரே பாரா இடத்தில் வைத்துவிடுவது. இரண்டாவது பிழையை ஹைட்ரஜன் எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் பாரா மாற்றியத்துக்கும் அதே வாய்பாடுதான். முதல் பிழையை எண்ணியே பிடித்துவிடலாம்: வளையத்தில் 4, மெத்திலில் 3, இரண்டு எத்திலில் 10, ஆக 17. நைட்ரஜனுக்கு மிச்சம் ஏதும் இல்லை.

இனிப் பிணைப்புக் கணக்கு. இரண்டு அணுக்களுக்கு இடையே நேராக அமையும் முதல் பிணைப்பு சிக்மா, இரட்டைப் பிணைப்பில் கூடுதலாக வருவது பை. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் 17. கார்பன்-கார்பன் சிக்மா பிணைப்புகள் வளையத்தில் 6, வளையத்துக்கும் மெத்திலுக்கும் இடையே 1, வளையத்துக்கும் கார்பனைலுக்கும் இடையே 1, இரண்டு எத்திலுக்குள்ளும் ஒவ்வொன்று, ஆக 10. கார்பன்-நைட்ரஜன் 3. கார்பன்-ஆக்சிஜன் 1. மொத்தம் 31 சிக்மா. பை பிணைப்புகள் வளையத்தில் 3, கார்பனைலில் 1, ஆக 4. ஆக்சிஜனில் இரண்டு தனித்த இரட்டைகள், நைட்ரஜனில் ஒன்று. இது சரியா என்று பார்க்க இணைதிற எலக்ட்ரான்களைக் கூட்டுங்கள்: கார்பன்கள் தருவது 48, ஹைட்ரஜன்கள் 17, நைட்ரஜன் 5, ஆக்சிஜன் 6, மொத்தம் 76. 35 பிணைப்புகளில் 70, தனித்த இரட்டைகளில் 6. கணக்கு ஒத்துப்போகிறது. தேர்வில் இந்த ஒரு கூட்டலைச் செய்துவிட்டால் படத்தில் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

முனைவுத்தன்மைக்கு வருவோம். பாலிங் அளவுகோலில் எலக்ட்ரான் கவர்தன்மை ஹைட்ரஜனுக்கு 2.20, கார்பனுக்கு 2.55, நைட்ரஜனுக்கு 3.04, ஆக்சிஜனுக்கு 3.44. கார்பன்-ஹைட்ரஜன் வேறுபாடு 0.35, அதை முனைவற்றது என்றே கொள்ளலாம். கார்பன்-நைட்ரஜன் 0.49. கார்பன்-ஆக்சிஜன் 0.89. அயனிப் பிணைப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 1.7-ஐ எதுவும் நெருங்கவில்லை. ஆக்சிஜன் இருப்பதாலேயே அயனித்தன்மை வந்துவிடும் என்ற எண்ணம் சோடியம், கால்சியம் போன்ற உலோக ஆக்சைடுகளைப் படித்த நினைவிலிருந்து வருவது. இங்கே உலோகமே இல்லை. ஆனாலும் டீட்டின் கதையில் அயனிப் பிணைப்பு ஒரு இடத்தில் வரத்தான் செய்கிறது. டீட்டைத் தயாரிக்கும் குடுவையில் அது தலைகாட்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது நைட்ரஜன். மூன்று சிக்மா பிணைப்பு, ஒரு தனித்த இரட்டை, ஆக நான்கு, ஆகவே எஸ்பி3 என்ற கணக்கு அம்மோனியாவுக்கும் டைஎத்தில் அமீனுக்கும் சரி. அடுத்த அணுவில் ஒரு பை பிணைப்பு இருந்தால் இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. டீட்டில் நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே கார்பனைல் இருக்கிறது. நைட்ரஜனின் தனித்த இரட்டை ஒரு பி ஆர்பிட்டாலில் அமர்ந்துவிட்டால், கார்பனைலின் பை பிணைப்போடு பக்கவாட்டில் மேற்பொருந்த முடியும். எலக்ட்ரான்கள் நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் மூன்றின் மீதும் பரவும். அந்தப் பரவலால் கிடைக்கும் நிலைப்புத்தன்மை, எஸ்பி3-யை விட்டு எஸ்பி2-க்கு மாறும் செலவைவிட அதிகம். அதனால் நைட்ரஜன் தட்டையாகிவிடுகிறது: அதைச் சுற்றியுள்ள மூன்று கார்பன்களும் ஏறக்குறைய ஒரே தளத்தில், 120 டிகிரிக்கு அருகான கோணங்களில் அமைகின்றன.

உடனிசைவு வடிவங்களாக எழுதினால் இரண்டு முக்கியம். ஒன்றில் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு, கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பு, மின்சுமை எங்கும் இல்லை. மற்றொன்றில் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு, ஆக்சிஜனில் எதிர்ச்சுமை, நைட்ரஜனில் நேர்ச்சுமை. உண்மையான மூலக்கூறு இவ்விரண்டுக்கும் இடையே அலைந்துகொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். எப்போதும் ஒரே மூலக்கூறுதான்; இரண்டின் கலவையான ஒரே அமைப்புதான். இரண்டாவது வடிவத்தில் சுமைகளைப் பார்த்து "இதோ அயனிப் பிணைப்பு" என்று சொல்பவர்களும் உண்டு. அவை முறைசார் மின்சுமைகள், ஒரே சகப்பிணைப்பு மூலக்கூறுக்குள் இருப்பவை. தனித்தனி அயனிகள் அல்ல.

இது வெறும் தாள்மேல் கணக்கு அல்ல, அளந்து பார்க்கக்கூடியது. சாதாரணக் கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் சுமார் 1.47 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பு சுமார் 1.28. அமைடுகளில் அது 1.35-க்கு அருகில் வருகிறது. நடுவே நிற்கிறது என்பதைவிட, இரட்டைப் பிணைப்பின் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்திருக்கிறது. அதே டீட்டில் நைட்ரஜனிலிருந்து எத்தில்களுக்குப் போகும் இரண்டு பிணைப்புகளும் வழக்கமான ஒற்றைப் பிணைப்பு நீளத்தோடுதான் இருக்கின்றன. ஆகவே "கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு மூன்று" என்று எழுதிவிட்டு மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஒன்று வேறு வகை.

பகுதி இரட்டைப் பிணைப்பு என்பதால் அதைச் சுற்றித் தாராளமாகச் சுழலவும் முடியாது. இந்த வகை பென்சமைடுகளில் சுழற்சிக்கான தடை மோலுக்கு ஏறத்தாழ 60 முதல் 70 கிலோஜூல். அறை வெப்பநிலையில் சுழற்சி நடக்கும், ஆனால் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்திசைவு) கருவியின் கண்ணுக்கு மெதுவாகத் தெரியும் வேகத்தில். அதனால் ஒரே மாதிரி இருக்க வேண்டிய இரண்டு எத்தில்களும் வெவ்வேறாகத் தெரிகின்றன: ஒன்று ஆக்சிஜன் இருக்கும் பக்கம், மற்றொன்று வளையம் இருக்கும் பக்கம். 3.2 முதல் 3.6 பிபிஎம் பகுதியில் அகன்று தடித்த இரண்டு குறிகளும், 1.1 முதல் 1.3 பகுதியில் அதேபோல இரண்டும் கிடைக்கும். மாதிரியைச் சூடாக்கினால் அவை இணைந்து கூர்மையாகும். இந்த அகன்ற குறிகளைப் பார்த்துப் பொருள் தூய்மையாக இல்லை என்று முடிவுகட்டி மறுபடி மறுபடி சுத்திகரிப்பது ஆய்வகங்களில் நடக்கும் வீண் வேலை. 2.4-க்கு அருகே வளைய மெத்திலின் குறி கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். அது கூர்மையாகவும் எத்தில்கள் மட்டும் அகன்றும் இருந்தால், நீங்கள் பார்ப்பது அமைடு பிணைப்பின் சுழற்சியைத்தான்.

வேதி நடத்தையிலும் இது தெரியும். டைஎத்தில் அமீன் அமீன்களுக்குள் வலுவான காரம். அதன் இணை அமிலத்தின் (புரோட்டான் ஏறிய வடிவத்தின்) பிகேஏ 11 அளவில் இருக்கிறது; இந்த எண் கூடக் கூடக் காரம் வலுவானது. அமைடின் இணை அமிலத்துக்கு அது பூச்சியத்துக்கும் கீழே. தனித்த இரட்டை பை அமைப்பில் ஈடுபட்டுவிட்டதால் புரோட்டானைப் பிடிக்க நைட்ரஜனிடம் தயாராக எதுவும் இல்லை. அடர் அமிலத்தில் புரோட்டான் ஏறினால்கூட அது நைட்ரஜனில் ஏறாது, ஆக்சிஜனில்தான் ஏறும். "நைட்ரஜன் இருக்கிறது, ஆகவே காரம்" என்று எழுதும் விடை இங்கே முழுத் தவறு. இரண்டையும் ஈத்தரில் கரைத்து 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு குலுக்கினால் டைஎத்தில் அமீன் நீருக்குள் போய்விடும், டீட் ஈத்தரிலேயே நிற்கும். தயாரிப்பில் இரண்டையும் பிரிப்பதே இந்த வேறுபாட்டை நம்பித்தான்.

பென்சீன் வளையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு எஸ்பி2 கார்பன்கள், ஆறு உள்ளடங்காத பை எலக்ட்ரான்கள், எல்லாப் பிணைப்புகளும் சுமார் 1.39 ஆங்ஸ்ட்ராம். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். வளையமும் கார்பனைலும் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டும் ஒரே தளத்தில் படுத்து முழு உடனிசைவில் இருக்கும் என்று தோன்றும். ஆனால் நைட்ரஜனில் இருக்கும் எத்தில்களில் ஒன்று வளையத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் வளையத்தின் ஆர்த்தோ (கார்பனைலை அடுத்த இடத்து) ஹைட்ரஜனுக்கும் இடம் போதவில்லை. ஆகவே வளையம் அமைடுத் தளத்திலிருந்து திரும்பி நிற்கிறது. நைட்ரஜனுக்கும் கார்பனைலுக்குமான உறவு வலுவாக நிலைக்கிறது. வளையத்துக்கும் கார்பனைலுக்குமானது பாதியோடு நிற்கிறது. இனக்கலப்பை மொத்தமாக எழுதச் சொன்னால்: எஸ்பி2 கார்பன்கள் 7 (வளையத்தில் 6, கார்பனைல் 1), எஸ்பி3 கார்பன்கள் 5 (மெத்தில் 1, எத்தில்களில் 4), நைட்ரஜன் எஸ்பி2, ஆக்சிஜன் எஸ்பி2.

அடுத்தது ஹைட்ரஜன் பிணைப்பு. அதற்கு இரண்டு தரப்பு வேண்டும்: நைட்ரஜன் அல்லது ஆக்சிஜனோடு நேரடியாகப் பிணைந்த ஹைட்ரஜன் ஒரு பக்கம், தனித்த இரட்டை மறுபக்கம். டீட்டில் 17 ஹைட்ரஜன்களும் கார்பனில்தான் இருக்கின்றன. கொடுக்கும் தரப்பு இல்லை. கார்பனைல் ஆக்சிஜன் ஏற்கும் தரப்பாக மட்டும் இருக்கிறது. இதன் விளைவு எவ்வளவு பெரியது என்று பார்க்க, எத்தில்களுக்குப் பதில் இரண்டு ஹைட்ரஜன்களைப் போட்ட மெட்டா-டொலுவமைடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறு எடை 135 தான், டீட்டைவிட இலேசானது. ஆனால் அறை வெப்பநிலையில் திண்மம். 95 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உருகும், ஏனென்றால் அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. எடை கூடிய டீட்டோ நீரின் உறைநிலைக்கு வெகு கீழேயும் திரவமாகவே இருக்கிறது. திண்மத்தைத் தோலில் பூசிப் பயனில்லை. ஆவியாக எழாத பொருள் கொசுவின் உணர்கொம்பை எட்டாது.

மறுபக்கம், டீட் சட்டென்று பறந்துபோகவும் கூடாது. இங்கே கைகொடுப்பவை இருமுனை ஈர்ப்பும் லண்டன் விசையும் (எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு). அமைடு தொகுதியின் இருமுனைத் திருப்புத்திறன் 3.5 முதல் 4 டிபை வரை இருக்கும், நீருக்கு 1.85 தான். வளையமும் எத்தில்களும் சேர்ந்த பரப்பு லண்டன் விசையைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து கொதிநிலையை 290 டிகிரி செல்சியஸ் அருகே கொண்டுபோய் வைக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாததால் திரவம்; மற்ற ஈர்ப்புகள் போதிய அளவு இருப்பதால் மெதுவாக ஆவியாகும் திரவம். நல்ல கொசுவிரட்டிக்கு இந்த இடைநிலைதான் தேவை. டீட்டின் அழகு இதில்தான் இருக்கிறது.

செறிவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 30 சதவீத டீட் 10 சதவீதத்தைவிட மூன்று மடங்கு பலமாக விரட்டும் என்று பொருளல்ல. அதிக நேரம் நீடிக்கும் என்றுதான் பொருள். 10 சதவீதம் சுமார் 2 மணி நேரம், 20-க்கு மேல் போனால் சுமார் 5 மணி நேரம். 50 சதவீதத்துக்கு மேல் கூட்டுவதால் பெரிய ஆதாயம் இல்லை. தோலின் மேலிருந்து அது ஆவியாகிறது, தோலுக்குள் கொஞ்சம் போகிறது, வியர்வையிலும் உராய்விலும் கழிகிறது. குழந்தைகளுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகளுக்கு அறவே வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. வெயில் தடுப்பு கிரீமும் பூசுவதானால் அதை முதலில், டீட்டை மேலே.

பிணைப்புகள் எங்கே அறுந்து எங்கே உருவாகின்றன என்பதைத் தயாரிப்பில் பார்த்தால் மேலே சொன்னவை மனத்தில் நன்றாகப் பதியும். கல்லூரி ஆய்வகத்தில் செய்யும் சோதனைதான்; ஆனால் தயோனைல் குளோரைடு ஹைட்ரஜன் குளோரைடையும் கந்தக டைஆக்சைடையும் கக்கும், ஆகவே ஃப்யூம் ஹூடுக்கு (புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டுக்கு) வெளியே தொடவே கூடாது. மெட்டா-டொலூயிக் அமிலம் 1.36 கிராம் (0.010 மோல்) உலர்ந்த வட்ட அடிக் குடுவையில். அதோடு தயோனைல் குளோரைடு 0.9 மில்லி (சுமார் 0.012 மோல்). குளிர்விப்பானைப் பொருத்தி, வாயு வருவது நிற்கும்வரை, ஏறத்தாழ அரை மணி நேரம், மிதமாகச் சூடாக்க வேண்டும். அமிலத்தின் கார்பன்-ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு போய்க் கார்பன்-குளோரின் பிணைப்பு வருகிறது. கிடைப்பது டொலுவாயில் குளோரைடு. மிச்சமான தயோனைல் குளோரைடைக் குறைந்த அழுத்தத்தில் நீக்கிவிட்டு, 20 மில்லி உலர் ஈத்தரில் கரைத்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, 10 மில்லி ஈத்தரில் கரைத்த டைஎத்தில் அமீன் 3.1 மில்லியை (0.030 மோல்) சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

முதல் சொட்டு விழுந்ததுமே வெண்புகையும் வெண்படிவும் வரும். மேலே தள்ளிவைத்த அயனிப் பிணைப்பு இதுதான்: டைஎத்தில் அம்மோனியம் குளோரைடு. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடின் புரோட்டானுக்கு அமீனின் தனித்த இரட்டை ஈதல் சகப்பிணைப்பு கொடுக்கிறது. அப்படி உண்டான நேர் அயனியும் குளோரைடு அயனியும் அயனிப் பிணைப்பால் உப்பாகின்றன. இதனால்தான் அமீன் இரண்டு மடங்கு, பாதுகாப்புக்கு மூன்று மடங்கு தேவைப்படுகிறது. சமன்பாட்டைப் பார்த்து 0.010 மோல் மட்டும் எடுத்தால் பாதி அமீன் உப்பாக முடங்கிவிடும். உப்பான நைட்ரஜனில் தனித்த இரட்டை இல்லை, ஆகவே அது கார்பனைல் கார்பனைத் தாக்காது. விளைச்சல் பாதியைத் தாண்டாது. சோதனை சொதப்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் ஈரம். குடுவையிலோ ஈத்தரிலோ நீர் இருந்தால் அமில குளோரைடு நீராற்பகுப்படைந்து மறுபடியும் டொலூயிக் அமிலமாகிவிடும். அமில குளோரைடில் குளோரினின் தனித்த இரட்டை கார்பனைலோடு சரியாக மேற்பொருந்துவதில்லை, அதனால் அந்தக் கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கி நிற்கிறது. நீர் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, மிச்ச தயோனைல் குளோரைடை நீக்காமல் விடுவது: அதுவும் அமீனைத் தின்று வேறு கந்தகச் சேர்மங்களைக் கொடுக்கும். அமில குளோரைடு எதற்கு, அமிலத்தையும் அமீனையும் நேரே கலந்தால் என்ன என்று கேட்கலாம். கலந்த மாத்திரத்தில் புரோட்டான் கைமாறி உப்பாகிவிடும். கார்பாக்சிலேட்டின் கார்பனுக்கு எலக்ட்ரான் பசி இல்லை, அமீனிடம் கொடுக்க எலக்ட்ரானும் இல்லை. மிக அதிக வெப்பமோ தகுந்த வினையூக்கியோ இல்லாமல் அது நகராது.

கழுவுவதிலும் பிணைப்பு அறிவுதான் வழிகாட்டி. பிரிபுனலில் முதலில் 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு: வினைபுரியாத அமிலம் அயனியாகி நீருக்குள் போகும். பிறகு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம்: மிச்ச அமீன் அயனியாகி நீருக்குள் போகும். பிறகு நீர். டீட் இரண்டுக்கும் அசையாமல் ஈத்தர் அடுக்கில் இருக்கும். நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, ஈத்தரை ஓட்டினால் நிறமற்றதோ இளமஞ்சளானதோ ஆன எண்ணெய் கிடைக்கும். முழு விளைச்சல் 1.91 கிராம். எண்ணெயில் வெண்படிகம் தெரிந்தால் அது டொலூயிக் அமிலம் (உருகுநிலை 111 டிகிரி செல்சியஸ் அளவில்). காரக் கழுவலைத் திரும்பச் செய்யுங்கள்.

கிடைத்தது டீட்தானா என்று அகச்சிவப்பு நிறமாலை சொல்லிவிடும். கார்பனைல் பட்டை தொடக்க அமிலத்தில் 1690 அலை எண்ணுக்கு அருகே, அமில குளோரைடில் 1770-ஐ ஒட்டி, டீட்டில் 1630-ஐ ஒட்டி வரும். மூன்றும் ஒரே கார்பன்-ஆக்சிஜன் இணைப்புதான். நைட்ரஜனின் எலக்ட்ரான்கள் உள்ளே வந்து இரட்டைப் பிணைப்புத் தன்மையைக் குறைப்பதால் டீட்டில் அதிர்வெண் இறங்குகிறது. கூடவே 3300 பகுதியைப் பாருங்கள்: நைட்ரஜன்-ஹைட்ரஜன் பட்டை இருக்கக்கூடாது. அங்கே கூர்மையாக ஏதாவது இருந்தால் அமீன் மிச்சமிருக்கலாம்; 2500 முதல் 3300 வரை பரந்த மேடு இருந்தால் அமிலம்; 3400-ல் அகன்ற பட்டை என்றால் பெரும்பாலும் ஈரம்.

நம் கடைகளில் கிடைப்பது எல்லாம் டீட் அல்ல. ஓடோமாஸ் கிரீமின் அட்டையைப் பார்த்தால் என்,என்-டைஎத்தில் பென்சமைடு 12 சதவீதம் என்றிருக்கும். வளைய மெத்திலை எடுத்துவிட்ட டீட் அது. மேலே சொன்ன அமைடு விளக்கம் முழுவதும் அப்படியே பொருந்தும், சிக்மா கணக்கில் மட்டும் மூன்று குறையும். இன்னும் சுவையானது குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டீபா, அதாவது என்,என்-டைஎத்தில் பினைல் அசிட்டமைடு. வாய்பாடு டீட்டுடையதேதான், மூலக்கூறு எடையும் 191.27 தான். வளையத்தில் தொங்கும் ஒரு கார்பன் இடம் மாறி வளையத்துக்கும் கார்பனைலுக்கும் நடுவே வந்து அமர்ந்துகொண்டது, அவ்வளவுதான். அங்கே எஸ்பி3 கார்பன் குறுக்கே நிற்பதால் வளையத்துக்கும் கார்பனைலுக்கும் உடனிசைவு அறவே அற்றுப்போகிறது. அப்படியிருந்தும் டீபா நல்ல விரட்டி. அமைடு, இரண்டு எத்தில், பக்கத்தில் ஒரு வளையம் ஆகியவைதான் முக்கியம். வளையத்தோடு உடனிசைவு முக்கியமல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

பூச்சியிடம் டீட் என்ன பிணைப்பு கொள்கிறது? சகப்பிணைப்பு இல்லவே இல்லை. அனாஃபிலிஸ் காம்பியே கொசுவின் உணர்கொம்பில் உள்ள ஒரு மணம் பிடிக்கும் புரதத்தோடு டீட் சேர்ந்த படிக அமைப்பு 2011-ல் வெளியானது. அதில் டீட் ஒரு நீளமான குழிக்குள் வான்டர்வால்ஸ் விசைகளால் தங்கியிருக்கிறது. அதன் கார்பனைல் ஆக்சிஜன் ஒரே ஒரு நீர் மூலக்கூறின் வழியாகப் புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. வருவதும் போவதும் எளிது. மாலத்தியான் போன்ற கரிமப் பாஸ்பரஸ் மருந்தின் வழி இதற்கு நேர்மாறானது: உடலுக்குள் மாற்றமடைந்த அதன் வடிவம் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் நொதியின் செரீனோடு உண்மையான சகப்பிணைப்பு போட்டு நொதியை முடக்குகிறது. அது கொல்கிறது, டீட் விரட்டுகிறது. டீட்டின் விளைவு மணத்தால் மட்டும் வருவதும் அல்ல. மணம் உணரத் தேவையான ஆர்கோ மரபணு செயலிழந்த ஏடிஸ் எஜிப்டி கொசுக்கள் டீட் பூசிய கையை நெருங்கி வந்தன, ஆனால் தொட்டதும் விலகிவிட்டன என்று 2013-ல் காட்டப்பட்டது. ஆகவே பூசாத இடம் ஒரு விரற்கடை இருந்தாலும் அங்கே கடிபடலாம். தோலில் இடைவெளி விடாமல் தேய்க்கச் சொல்வது இதனால்தான்.

நீலகிரித் தைலம் தேய்த்தால் போதுமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வரும். நீலகிரியில் வடிக்கும் தைலத்தின் பெரும்பகுதி சினியோல். வளையத்துக்குள் கார்பன்-ஆக்சிஜன்-கார்பன் ஈத்தர் பிணைப்பு கொண்டது, கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ் அளவு. கொடுக்க ஹைட்ரஜனும் இல்லை, அமைடின் பெரிய இருமுனையும் இல்லை, சீக்கிரம் பறந்துவிடும். நெடுநேரப் பாதுகாப்புக்குப் பரிந்துரைக்கப்படும் எலுமிச்சை யூக்கலிப்டஸ் சாறு வேறு மரத்திலிருந்து வருவது. அதில் வேலை செய்வது பாரா-மென்தேன்-3,8-டையால். அந்த மரத்தின் எண்ணெயில் உள்ள சிட்ரோனெல்லாலை அமிலத்தால் வளையமாக்கினால் அது கிடைக்கும். மூலக்கூறு எடை 172 தான், டீட்டைவிடச் சிறியது. ஆனால் இரண்டு ஹைட்ராக்சில்கள் இருப்பதால் ஹைட்ரஜன் பிணைப்பு அதை நிறுத்திவைக்கிறது. டீட் இருமுனையால் சாதிப்பதை இது ஹைட்ரஜன் பிணைப்பால் சாதிக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது கூடாது. பிகாரிடின் என்ற இன்னொரு விரட்டி இரண்டையும் கலந்தது: அமைடுக்குப் பதில் கார்பமேட்டு, கூடவே ஒரு ஹைட்ராக்சில்.

கடைசியாக, டீட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் விவகாரம். பெரிய இருமுனை, கொடுக்க ஹைட்ரஜன் இல்லை, கூடவே ஒரு பென்சீன் வளையம். இப்படிப்பட்ட திரவம் நல்ல கரைப்பான். முனைவுள்ள, ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகாத பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே அது நுழைந்து அவற்றைத் தளர்த்திவிடும். பருத்தியும் செல்லுலோஸ், அசிடேட் ரேயானும் செல்லுலோஸிலிருந்து வந்ததே. பருத்தியில் ஹைட்ராக்சில்கள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்திருப்பதால் டீட்டுக்கு வழி கிடைப்பதில்லை. அசிடேட்டில் பெரும்பாலான ஹைட்ராக்சில்கள் அசிட்டைல் தொகுதியால் மூடப்பட்டுவிட்டதால் வழி திறந்து கிடக்கிறது. நைலான் தப்புவதும் அதன் அமைடுகளில் நைட்ரஜன்-ஹைட்ரஜன் இருப்பதால்தான். ஆகவே பருத்தி, கம்பளி, நைலான் உடைகள்மேல் தெளிக்கலாம். அசிடேட், ஸ்பான்டெக்ஸ், வினைல், வண்ணம் பூசிய பரப்பு, தோல் பொருள்கள் ஆகியவற்றிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். பல மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. பூசியபின் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கண்ணாடியையும் கைபேசியையும் தொடுங்கள். வேறு புட்டிக்கு மாற்ற நேர்ந்தால் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் அல்லது கண்ணாடிப் புட்டி எடுங்கள்; பாலிஸ்டைரீன் டப்பா வேண்டவே வேண்டாம்.